ஒரு எழுத்தைத் திருத்தினால் 600 கோப்பும் கம்பைல் ஆவானேன்? சி++ திட்டப் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு நிரல் அனுப்புகிறவர்களும், பில்ட் (நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டுவது) வேலையையே அன்றாடப் பிழைப்பாக வைத்திருப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

ஒரு பிழைச் செய்தியில் எழுத்துப்பிழை. ஒரே ஒரு எழுத்து. திருத்தி புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போட்டதும் சிஐ, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகக் கட்டிச் சோதிக்கும் அமைப்பு, ஓட ஆரம்பிக்கிறது. வெறும் உபுண்டு மெஷின் ஒன்று எழுந்து, பேக்கேஜ் பட்டியலை இழுத்து, கம்பைலரை (நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கருவி) நிறுவி, பூஸ்ட், க்யூட்டி போன்ற லைப்ரரிகள் எல்லாவற்றையும் இறக்கி, பிறகு 600 கோப்புகளையும் அடியிலிருந்து கம்பைல் செய்கிறது. மாறியதோ ஒரு கோப்பு. இதே கூத்து ஜிசிசி கம்பைலருக்கு ஒரு தடவை, கிளாங் கம்பைலருக்கு ஒரு தடவை, பிழை தேட உதவும் டீபக் பில்டுக்கு ஒரு தடவை, ஓடும்போது நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் சானிடைசருக்கு ஒரு தடவை.

கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: கோப்புக்கு 6 விநாடி என்றால் 3,600 விநாடி. 4 கோர் மெஷினில் 15 நிமிடம். மேலே சொன்ன நான்கு ஜாபுக்கும் (தனித்தனி ஓட்டம்) சேர்த்து ஒரு மணி நேர மெஷின் வாடகை. ஏற்கெனவே கம்பைல் ஆன 599 கோப்புகளின் விடையை எடுத்துக் கொடுக்க மட்டும் தெரிந்திருந்தால், அந்த 15 நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, இன்னும் பெரிய மெஷின். அது வேண்டாம் என்கிறோம்.

நாங்கள் கேட்பது இதுதான். பில்டுக்கு வேண்டிய கருவிகளை ஒரே கன்டெய்னர் இமேஜில் (எந்த மெஷினிலும் ஒரே மாதிரி எழும், முன்கூட்டியே கட்டிவைத்த சூழல்) வையுங்கள். கம்பைல் ஆன விடைகளைச் சேமித்துவைக்கும் சிகேஷ் என்ற கருவியையும் அதற்குள் வையுங்கள். சிஐ அமைப்பை எழுதும் யாமல் கோப்பில் நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் வித்தைகளை எல்லாம் வெளியே எடுத்து, லேப்டாப்பிலும் அப்படியே ஓடும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் போடுங்கள். பார்ப்பதற்கு மூன்று தனித்தனி யோசனைகள் மாதிரித் தெரியும். ஆனால் கன்டெய்னர் இல்லாமல் வைத்த கேஷ் (சேமிப்பு) பாதி நாள் வேலை செய்யாது. ஏன் என்பதற்கு சிகேஷின் உள்ளே கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும். (கேஷ் என்று தமிழில் எழுதினால் காசு என்றும் படிக்கலாம். நிமிடக் கணக்கில் சர்வருக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.)

சிகேஷ் புதுச் சரக்கல்ல. எரிக் தீலே ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிய கம்பைலர்கேஷ் என்ற கருவியின் யோசனையை எடுத்து, சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 2002-இல் சி மொழியில் எழுதினார். 2010 முதல் ஜோயல் ரோஸ்டால் பராமரித்துவருகிறார். கம்பைலருக்கு முன்னால் வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு கம்பைல் கட்டளைக்கும் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) போடும். அதே ஹாஷை முன்பு பார்த்திருந்தால், சேமித்துவைத்த ஆப்ஜெக்ட் கோப்பையும் (கம்பைல் ஆன விடை) அன்று வந்த எச்சரிக்கைச் செய்திகளையும் அப்படியே எடுத்து நீட்டிவிடும். கம்பைலர் எழுந்திருக்கவே வேண்டியதில்லை.

அந்த ஹாஷுக்குள் போவது எவை? சோர்ஸ் கோப்பின் உள்ளடக்கம், அது இழுக்கும் ஹெடர் கோப்புகள் (பல கோப்புகளுக்குப் பொதுவான அறிவிப்புகள் உள்ளவை) அத்தனையின் உள்ளடக்கம், கம்பைலருக்குக் கொடுத்த ஆப்ஷன்கள், கம்பைலரின் அடையாளம். டீபக் தகவல் கேட்டிருந்தால், எந்த டைரக்டரியில் நின்று கம்பைல் செய்கிறோம் என்பதும் சேரும். டீபக் தகவலுக்குள் அந்தப் பாதை எழுதப்படுவதால் அது நியாயமே.

கோளாறு தொடங்குவது இங்கேதான். கம்பைலரின் அடையாளமாக சிகேஷ் இயல்பாக எடுத்துக்கொள்வது அந்த பைனரியின் (ஓடும் கோப்பு) அளவையும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும். சிஐ நிறுவனம் தரும் பொது மெஷின் இமேஜ் அவ்வப்போது புதுப்பிக்கப்படும். ஒரு நாள் காலையில் ஜிசிசியின் சின்னப் பதிப்பு ஒன்று மாறியிருந்தால் போதும், அதுவரை சேர்த்த கேஷ் முழுவதும் குப்பை. பாதை விஷயமும் அப்படியே. ஒரு ரன்னர் (சிஐ ஓடும் மெஷின்) நிரலை ஒரு டைரக்டரியில் செக்அவுட் செய்கிறது, இன்னொன்று வேறு எண் கொண்ட டைரக்டரியில் செய்கிறது, உங்கள் லேப்டாப்பிலோ வீட்டு டைரக்டரிக்குள் எங்கோ இருக்கிறது. நிரல் ஒன்றுதான், ஹாஷ் மூன்று.

கன்டெய்னர் இந்த இரண்டையும் ஒரே அடியில் தீர்க்கிறது. இமேஜ் மாறாத வரை கம்பைலர் மாறாது. நிரலை எங்கிருந்து எடுத்தாலும் கன்டெய்னருக்குள் 'வொர்க்' என்ற ஒரே பாதையில் மவுண்ட் செய்தால் (இணைத்தால்), எல்லா மெஷினிலும் பாதை ஒன்றே. சிகேஷில் 'பேஸ் டிர்' என்ற அமைப்பு உண்டு, முழுப் பாதைகளைச் சார்புப் பாதைகளாக மாற்றிக்கொள்ளும். ஜிசிசி 8 முதல் பாதை முன்னொட்டை மாற்றும் ஆப்ஷனும் உண்டு. இரண்டும் நல்லவைதான். ஆனாலும் பாதையே மாறாமல் இருந்தால் இவற்றைக் கட்டி மேய்க்கும் வேலையே இல்லை.

இமேஜ் செய்வதைப் பற்றி. டெபியன் 12-இன் 'ஸ்லிம்' வகையை அடியாக வைத்து ஜிசிசி, கிளாங், பில்டை நடத்தும் சிமேக், நிஞ்சா, நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட், சிகேஷ், உங்கள் திட்டம் கேட்கும் லைப்ரரிகளின் டெவலப்மென்ட் பேக்கேஜ்கள் ஆகியவற்றைப் போட்டால் முடிந்தது. பரிந்துரைப் பேக்கேஜ்களை நிறுவாதே என்று டெபியனின் நிறுவும் கருவியான ஏபிடியிடம் சொல்லுங்கள், இமேஜ் கணிசமாக மெலியும். திட்டத்தின் நிரலை இமேஜுக்குள் வைக்காதீர்கள். கடவுச்சொல், டோக்கன் எதையும் கனவிலும் வைக்காதீர்கள். இமேஜ் என்பது லேயர்களின் அடுக்கு: ஒரு லேயரில் வைத்துவிட்டு அடுத்த லேயரில் அழித்தாலும் முதல் லேயருக்குள் அது பத்திரமாக இருக்கும், யாரும் பிரித்து எடுக்கலாம்.

டாக்கர்ஃபைலில் (இமேஜைக் கட்டும் டாக்கர் கருவிக்குக் கொடுக்கும் கட்டளைக் கோப்பு) பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையும் நிறுவும் கட்டளையும் ஒரே 'ரன்' வரியில் இருக்கட்டும். தனித்தனி வரியாக எழுதினால், மூன்று வாரம் கழித்து ஒரு பேக்கேஜைச் சேர்க்கும்போது டாக்கர் முதல் வரியின் பழைய லேயரையே எடுத்துக்கொள்ளும். பட்டியல் பழையது, அதிலுள்ள பதிப்பு சர்வரில் இப்போது இல்லை, 404 என்று விழும். காரணம் தெரியாதவர்கள் கேஷே வேண்டாம் என்று முழு இமேஜையும் திரும்பக் கட்டுவார்கள். கட்டளைகளைச் சேர்த்து எழுதி, அதே வரியின் கடைசியில் பட்டியலை அழித்தும் விடுங்கள்.

கட்டிய இமேஜை ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களை வைக்கும் சர்வர்) ஏற்றியதும் ஷா256 என்று தொடங்கும் டைஜஸ்ட் (அந்த இமேஜின் ஹாஷ்) ஒன்று கிடைக்கும். சிஐ கோப்பில் இமேஜைக் குறிப்பிடும்போது 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் அந்த டைஜஸ்டை எழுதுங்கள். 'லேட்டஸ்ட்' என்பது நேற்று ஒன்றைக் காட்டும், இன்று வேறொன்றைக் காட்டும். யாரும் எதையும் தொடாமல் பில்ட் உடைவதன் மூலகாரணம் பெரும்பாலும் இதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: டாக்கர்ஃபைலின் முதல் வரியில் டெபியனை டைஜஸ்டால் கட்டிப்போட்டால் போதாது, ஏபிடி இழுக்கும் பேக்கேஜ்கள் நாளுக்கு நாள் மாறும். கட்டிப்போட வேண்டியது நீங்கள் கட்டி முடித்த இமேஜை. மாதம் ஒருமுறை புதிதாகக் கட்டி, டைஜஸ்ட் வரியை மட்டும் மாற்றும் ஒரு புல் ரிக்வெஸ்டாகக் கொண்டுவாருங்கள். புதிய கம்பைலர் ஏதாவது உடைத்தால் அந்த ரிக்வெஸ்டிலேயே தெரியும். பாவம், எழுத்துப்பிழை திருத்த வந்தவர் தலையில் அது விழாது.

ஒவ்வொரு சிஐ ஓட்டத்திலும் பேக்கேஜ் நிறுவும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் போதுமான சாட்சி. அதன் ஆயுள் 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அதை ஒட்டி அதன் மிரர் பட்டியல் முகவரியே இணையத்தில் இல்லாமல் போனது. ஓட்டத்துக்கு ஓட்டம் அதன் நிறுவும் கருவியான யம் கொண்டு நிறுவிய பில்டுகள் அத்தனையும் நின்றன. முன்கூட்டியே கட்டிவைத்த இமேஜை இழுத்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. இன்னொரு சாட்சி டாக்கர் ஹப் என்ற பொது ரெஜிஸ்ட்ரி. 2020 நவம்பரில், உள்நுழையாமல் இழுப்பவர்களுக்கு 6 மணி நேரத்துக்கு 100 முறை என்று வரம்பு வைத்தார்கள். சிஐ ரன்னர்கள் பலவும் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் இருந்தால் அந்த 100 முறையும் சில நிமிடங்களிலேயே கரைந்துவிடும். அதனால் இமேஜை உங்கள் நிரல் இருக்கும் இடத்து ரெஜிஸ்ட்ரியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

வெளியீட்டு பைனரிக்கான இமேஜ் மட்டும் வேறு. புது டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் வகை) கட்டிய பைனரியைப் பழைய மெஷினில் ஓட்டினால் 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று முறைக்கும். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி பின்னோக்கி ஒத்துப்போகும், முன்னோக்கிப் போகாது. ஆகவே நீங்கள் ஆதரிக்கும் டிஸ்ட்ரோக்களிலேயே பழையது எதுவோ அதில் கட்டுங்கள். பைத்தான் உலகம் இதை 'மெனிலினக்ஸ்' இமேஜ்களால் தீர்த்தது. மெனிலினக்ஸ்2014-க்கு அடி சென்ட்ஓஎஸ் 7, ஜிலிப்சி 2.17. அதற்குப் பின் வந்த மெனிலினக்ஸ் 2.28-க்கு அடி அல்மாலினக்ஸ் 8. அளவு சின்னது என்று ஆல்பைன் லினக்ஸை எடுக்காதீர்கள். அதில் இருப்பது ஜிலிப்சி அல்ல, மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரி. உங்கள் பயனர் ஓட்டும் சூழலும் நீங்கள் சோதிக்கும் சூழலும் வேறாகிவிடும்.

இமேஜ் தயாரானதும் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நிரல் முழுவதையும் 'காப்பி' வரியால் இமேஜுக்குள் போட்டு, அடுத்த 'ரன்' வரியில் கம்பைல் செய்வார்கள். டாக்கருக்குத்தான் லேயர் கேஷ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. லேயர் கேஷுக்கு சி++ தெரியாது. 600-இல் ஒரு கோப்பு மாறினாலும் 'காப்பி' லேயர் செல்லாது, அதற்குக் கீழே எல்லாம் செல்லாது, 600-உம் மறுபடி. டாக்கருக்குள் இமேஜைக் கட்டும் பில்ட்கிட்டின் கேஷ் மவுண்ட் இதற்கு ஒரு வழிதான், ஆனால் அது அந்த மெஷினிலுள்ள பில்டரோடு ஒட்டியது. ஒவ்வொரு தடவையும் புது மெஷின் தரும் சிஐயில் அது எப்போதும் காலியாகவே இருக்கும். கருவிகளுக்கு மட்டும் 'டாக்கர் பில்ட்'. கம்பைலுக்கு 'டாக்கர் ரன்', வெளியிலிருந்து இரண்டு மவுண்ட்: நிரலுக்கு ஒன்று, சிகேஷ் டைரக்டரிக்கு ஒன்று. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

மவுண்ட் செய்ததும் முதலில் கடிப்பது யூசர் ஐடி. கன்டெய்னருக்குள் ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள யூசர்) ஓடினால் பில்ட் டைரக்டரியில் விழும் கோப்பெல்லாம் ரூட்டுக்குச் சொந்தம். வெளியே வந்து அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்று சொல்லும். சரி என்று வெளியிலுள்ள யூசர் ஐடியையே கொடுத்து ஓட்டினால், அந்த எண்ணுக்குக் கன்டெய்னருக்குள் பெயரோ வீட்டு டைரக்டரியோ இல்லை. சிகேஷ் தன் இயல்பான இடத்தைத் தேடி எல்லாவற்றுக்கும் மேலான '/' டைரக்டரியிலேயே எழுதப்போய் அடிவாங்கும். கேஷ் டைரக்டரியைச் சூழல் மாறியால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், தீர்ந்தது. டாக்கருக்கு மாற்றான போட்மேனை ரூட் இல்லாமல் ஓட்டினால் கதை தலைகீழ்: உள்ளே இருக்கும் ரூட்தான் வெளியே நீங்கள். அங்கே யூசர் ஐடி கொடுத்தால்தான் சிக்கல். ஃபெடோராவில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு காரணமாக மவுண்டையே படிக்க முடியாமல் போகும், மவுண்ட் வரியின் கடைசியில் பெரிய இசட் சேர்க்க வேண்டும்.

இதோடு உறவுடைய இன்னொரு தொல்லை கிட்டிலிருந்து வருகிறது. 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 முதல், தன்னுடையதல்லாத யூசருக்குச் சொந்தமான ரெப்போவில் (நிரல் களஞ்சியம்) வேலை செய்ய கிட் மறுக்கிறது. பாதுகாப்புக்காகத்தான். கன்டெய்னருக்குள் ரூட், ரெப்போ வெளியாளுடையது என்றால் கிட் கட்டளை தோற்கும். ஆனால் உங்கள் சிமேக் அதை மௌனமாக விழுங்கிவிட்டு, பதிப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுச் சரத்தை வைத்துவிடும். பில்ட் பச்சை. பைனரிக்குப் பதிப்பு இல்லை. யூசர் ஐடியைச் சரியாகக் கொடுத்தாலே இது வராது. முடியாத இடத்தில் அந்த டைரக்டரியை மட்டும் 'சேஃப் டைரக்டரி' பட்டியலில் சேருங்கள்.

அடுத்து, கோர் எண்ணிக்கை. கன்டெய்னருக்கு 4 சிபியு, 8 ஜிபி என்று கட்டுப்பாடு வைத்திருப்பீர்கள். உள்ளே கோர் எண்ணிக்கை சொல்லும் 'என்பிராக்' கட்டளையைக் கேட்டால் பல பதிப்புகளில் அது 64 என்று சொல்லும். அதற்குத் தெரிவது ஹோஸ்ட் மெஷினின் கோர்கள், கன்டெய்னருக்கு வரம்பு வைக்கும் சிகுரூப்பின் ஒதுக்கீடு அல்ல. 64 கம்பைலர் ஒரே நேரத்தில் எழும், 8 ஜிபி நிரம்பும், கெர்னல் ஒன்றைச் சுட்டுத்தள்ளும். லாகில் 'கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். நிரலில் பிழை தேடி நாளை வீணாக்க வேண்டாம், அது நினைவகம் போதாத சாவு. டெம்ப்ளேட் நிறைந்த சி++ கோப்பு ஒன்று 1 முதல் 2 ஜிபி வரை கேட்கும் என்று வைத்து, நினைவகத்தை இரண்டால் வகுத்து வரும் எண், கோர் எண்ணிக்கை, இவற்றில் சிறியதை ஸ்கிரிப்டில் நேரடியாகக் கொடுங்கள். லிங்க் (ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே பைனரியாக இணைப்பது) இதைவிடப் பெருந்தீனி. நிஞ்சாவில் லிங்குக்குத் தனி ஜாப் பூல் வைத்து ஒன்றிரண்டாகக் கட்டுப்படுத்தலாம்.

இனி சிகேஷை மாட்டுவது. சிமேக் 3.4 முதல் 'கம்பைலர் லாஞ்சர்' என்ற மாறி இருக்கிறது, சிக்கு ஒன்று, சி++-க்கு ஒன்று. இரண்டுக்கும் சிகேஷ் என்று மதிப்புக் கொடுத்தால் போதும். 3.17 முதல் சூழல் மாறியாகவும் கொடுக்கலாம், இமேஜிலேயே எழுதிவிட்டால் திட்டத்தின் சிமேக் கோப்பைத் தொடவே வேண்டாம். பில்டுக்கு முன் புள்ளிவிவரத்தைப் பூஜ்யமாக்கும் கட்டளை, பில்டுக்குப் பின் புள்ளிவிவரத்தைக் காட்டும் கட்டளை, இரண்டையும் ஸ்கிரிப்டில் போடுங்கள். ஹிட் (கேஷில் கிடைத்தது) எத்தனை, மிஸ் (கிடைக்காதது) எத்தனை என்று ஒவ்வொரு லாகின் அடியிலும் தெரியாவிட்டால், கேஷ் செத்துக் கிடப்பது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

மாட்டியும் ஹிட் வரவில்லையா? முதல் சந்தேகம் உங்கள் பதிப்பு ஹெடர் மேல் விழட்டும். எத்தனையோ திட்டங்களில் ஒரே மாதிரி அமைப்பு: கட்டமைப்பு நேரத்தில் கிட்டிடம் கமிட் (பதிவான மாற்றம்) எண்ணைக் கேட்டு 'கான்ஃபிக்' ஹெடரில் எழுதுவார்கள். அந்த ஹெடரை 600 கோப்பும் இன்க்ளூட் செய்யும். கமிட்டுக்குக் கமிட் அந்த ஒரு வரி மாறும். அதாவது உங்கள் கேஷை ஒவ்வொரு கமிட்டிலும் நீங்களே கொளுத்துகிறீர்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிகேஷுக்கு இரண்டு முறைகள். நேரடி முறையில் ஹெடர்களின் ஹாஷை மட்டும் ஒப்பிடும், மிக வேகம். அது தோற்றால் ப்ரீபிராசஸரை (ஹெடர்களையும் மேக்ரோக்களையும் விரிக்கும் முதல் படி) ஓட்டி, விரிந்து வந்த நிரலை ஹாஷ் செய்யும், கொஞ்சம் மெதுவு. கமிட் எண் மேக்ரோவாக (பயன்படுத்தும் இடத்தில் மட்டும் விரியும் பெயர்) இருந்து அந்தக் கோப்பு அதைப் பயன்படுத்தவில்லை என்றால், விரிந்த நிரல் மாறாது, இரண்டாம் முறையில் தப்பிக்கும். மாறிலியாக எழுதியிருந்தால் தப்பவே முடியாது, அந்தச் சரம் ஒவ்வொரு கோப்பின் விரிவிலும் நிற்கும். மருந்து சுலபம். ஹெடரில் ஒரு ஃபங்ஷனின் அறிவிப்பை மட்டும் வையுங்கள். கமிட் எண்ணை ஒரே ஒரு சோர்ஸ் கோப்பில் வைத்து அந்த ஃபங்ஷன் அதைத் திருப்பித் தரட்டும். கமிட்டுக்கு ஒரு கோப்பு கம்பைல் ஆகும், மற்ற 599 அசையாது. இந்த மடலில் ஒரே ஒரு யோசனையை மட்டும் ஏற்பீர்கள் என்றால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள். கன்டெய்னர், சிஐ எதுவும் இல்லாதவர்களின் லேப்டாப்பில்கூட பலன் தரும்.

கம்பைல் ஆன தேதியையும் நேரத்தையும் பைனரிக்குள் பதிக்கும் மேக்ரோக்கள் இதன் தங்கைகள். நீக்கிவிடுங்கள். எங்கே ஒளிந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஜிசிசியில் 'டேட் டைம்' எச்சரிக்கை இருக்கிறது.

அப்படியும் புரியாத மிஸ் வந்தால், ஊகிக்காதீர்கள். சிகேஷின் டீபக் மாறியை ஏற்றி, துப்புரவான இரண்டு டைரக்டரிகளில் அதே கோப்பை இரண்டு முறை கம்பைல் செய்யுங்கள். ஆப்ஜெக்ட் கோப்புக்குப் பக்கத்தில், ஹாஷுக்குள் போனவை அத்தனையும் எழுத்து வடிவில் இருக்கும் 'இன்புட் டெக்ஸ்ட்' கோப்பு ஒன்று விழும். இரண்டையும் 'டிஃப்' செய்தால் குற்றவாளி ஒரு வரியில் நிற்பான். அநேகமாக அது ஒரு தற்காலிக டைரக்டரியின் பெயராகவோ, யாரோ கட்டளை வரியில் சேர்த்த பில்ட் எண்ணாகவோ இருக்கும்.

கம்பைலரை இமேஜுக்குள் சோர்ஸிலிருந்து கட்டியிருந்தால், இமேஜைப் புதிதாகக் கட்டும்போதெல்லாம் அதன் நேரமுத்திரை மாறும். 'கம்பைலர் செக்' அமைப்பை 'கன்டென்ட்' என்று வைத்து உள்ளடக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டெபியன் பேக்கேஜாக வந்த ஜிசிசிக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது, நேரமுத்திரை பேக்கேஜிலிருந்தே வருகிறது. 'ஸ்லாப்பினெஸ்' (அசட்டை) என்று ஒரு அமைப்பும் உண்டு, பெயரே சொல்லும். ப்ரீகம்பைல்டு ஹெடர் வைத்திருப்பவர்களுக்கு அதில் இரண்டு மதிப்புகள் தேவை. மற்றவர்கள் எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டாமல் இருந்தாலே புண்ணியம்.

விண்டோஸ் ஜாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்விசி கம்பைலரில் டீபக் தகவலைத் தனி பிடிபி கோப்பில் எழுதும் இசட்-ஐ ஆப்ஷனோடு சிகேஷும் ஒத்துப்போகாது, மொசில்லாவின் எஸ்சிகேஷும் ஒத்துப்போகாது. ஆப்ஜெக்டுக்குள்ளேயே எழுதும் இசட்-7-க்கு மாறுங்கள்.

சேமித்த கேஷை ஓட்டத்துக்கு ஓட்டம் எடுத்துச்செல்வதில்தான் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் (கிட்ஹப் தரும் சிஐ) பயனர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அங்கே ஒரு சாவியில் (கேஷுக்கு வைக்கும் பெயர்) சேமித்த கேஷை மறுபடி மேலெழுத முடியாது. 'லினக்ஸ்-ஜிசிசி' என்று நிலையான சாவி கொடுத்தால், முதல் நாள் சேமித்ததே நிலைக்கும். நிரல் நகர நகர ஹிட் குறைந்துகொண்டே போகும், யாருக்கும் காரணம் புரியாது. சாவியின் வாலில் கமிட் எண்ணைச் சேருங்கள். மீட்கும்போது முன்னொட்டை மட்டும் கொடுத்தால் அதில் ஆகப் புதியது வரும். இன்னொன்று, முதன்மைக் கிளையில் சேமித்ததை எல்லாப் புல் ரிக்வெஸ்டும் படிக்கலாம், ஒரு புல் ரிக்வெஸ்ட் சேமித்ததை மற்றவை படிக்க முடியாது. ஆகவே சேமிப்பது முதன்மைக் கிளையில் மட்டும், ரிக்வெஸ்டுகள் படித்தால் போதும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் யாருக்கும் பயன்படாத ஒரு மூட்டையை இறக்கிவைத்து இடத்தை அடைக்கும்.

இடம் என்றால், ரெப்போ ஒன்றுக்கு 10 ஜிபி இலவசம், 7 நாள் தொடப்படாதது நீக்கப்படும். சிகேஷின் இயல்பான உச்ச அளவு 5 ஜிபி. நான்கு ஜாபும் இயல்பு அளவிலேயே வளர்ந்தால் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். சரியான அளவைக் கண்டுபிடிக்க வழி: காலி கேஷோடு ஒரு முழு பில்ட் ஓட்டி, எவ்வளவு இடம் பிடித்தது என்று பாருங்கள், அதைப்போல இரண்டு மடங்கை உச்சமாக வையுங்கள். 4.0 முதல் சிகேஷ் இயல்பாகவே சுருக்கிச் சேமிப்பதால் பழைய பதிப்பை வைத்து மதிப்பிடாதீர்கள். சேமிக்கும் முன், இந்த ஓட்டத்தில் தொடப்படாதவற்றை வயதைக் கொடுத்து வெளியேற்றும் கட்டளையை ஓட்டினால் மூட்டை இன்னும் சிறுக்கும். மூட்டையை இறக்கி விரிப்பதும் நேரம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சிகேஷால் ஆகாதவையும் உண்டு. லிங்க்கை அது சேமிக்காது. லிங்க் நேர உகப்பாக்கம் போட்டிருந்தால் உண்மையான கம்பைல் வேலை லிங்குக்கு நகர்ந்துவிடும், கேஷ் வேடிக்கைதான் பார்க்கும். ரிக்வெஸ்டுகளில் அதை அணைத்துவிட்டு வெளியீட்டில் மட்டும் போடுங்கள். லிங்க்கராக வேகமான எல்எல்டி அல்லது மோல்டை எடுங்கள். சிமேக்கின் 'யூனிட்டி பில்ட்' இயல்பாக 8 கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும். காலி கேஷில் அது வேகம். ஆனால் ஒரு கோப்பு மாறினால் எட்டும் போகும். கேஷ் நன்றாக ஓடும் திட்டத்தில் அது பெரும்பாலும் நட்டம்.

கேஷை நம்பலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேரடி முறைக்குத் தெரிந்த ஓட்டை ஒன்று உண்டு. ஏற்கெனவே இருக்கும் ஹெடருக்கு முன்னால், தேடுபாதையில் அதே பெயரில் புது ஹெடர் ஒன்று முளைத்தால் சில அரிய சூழல்களில் சிகேஷ் கவனிக்காது. அதனால் வாரம் ஒருமுறை, கேஷைப் படிக்காமல் எழுத மட்டும் செய்யும் 'ரீகேஷ்' முறையில் முழு பில்ட் ஓட்டுங்கள். ஓட்டையும் அடைபடும், கேஷும் புதிதாகும். வெளியீட்டு பில்டில் சிகேஷை முழுவதும் அணையுங்கள். சொந்த சர்வரில் ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பை வைத்து எல்லோருக்கும் பொதுக் கேஷ் கொடுப்பவர்கள், ரிக்வெஸ்ட் ஜாபுகளுக்குப் படிக்கும் உரிமை மட்டும் தரவேண்டும். முன்பின் தெரியாதவரின் ரிக்வெஸ்ட் எழுதிய ஆப்ஜெக்ட் கோப்பு நாளை உங்கள் பைனரிக்குள் உட்கார வேண்டுமா?

பேசல் என்ற பில்ட் கருவிக்கு மாறுங்கள், பத்து மெஷினுக்குக் கம்பைலைப் பகிர்ந்தளியுங்கள் என்றெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள இடத்துக்கு அவை. 600 கோப்புக்கு ஒரு டாக்கர்ஃபைலும் 40 வரி ஸ்கிரிப்டும் ஏராளம்.

அந்த ஸ்கிரிப்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். அது ஒரே வாதம் வாங்கட்டும்: ஜிசிசியா, கிளாங்கா, சானிடைசரா. கன்டெய்னரை எழுப்புவதும் மவுண்ட் செய்வதும் கோர் எண்ணைத் தீர்மானிப்பதும் அதற்குள்ளேயே இருக்கட்டும். யாமலில் மிஞ்சுவது கேஷை மீட்பது, ஸ்கிரிப்டை அழைப்பது, கேஷைச் சேமிப்பது, இவ்வளவுதான். அப்போது சிஐயில் சிவப்பு விழுந்தால், பங்களிப்பவர் அதே வரியைத் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துக்கொள்வார். இப்போதோ, யாமலில் ஒரு வரி மாற்றி, புஷ் செய்து, காத்திருந்து, மறுபடி மாற்றி, 'சிஐ திருத்தம் 7' என்று கமிட் செய்தி எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆப்பிள் சிலிக்கான் மேக் வைத்திருப்பவர்களுக்காக இமேஜை அதன் சிப் வகையான ஆர்ம்64-க்கும் சேர்த்துக் கட்டிவையுங்கள். எமுலேஷனில் சி++ கம்பைல் செய்வது தண்டனை.

எங்கே தொடங்குவது என்றால், பதிப்பு ஹெடரை முதலில் உடையுங்கள், அது ஒரு மாலை வேலை. அடுத்து இமேஜ், பிறகு ஸ்கிரிப்ட், கடைசியில் கேஷ் சாவிகள். ஒவ்வொன்றும் தனி ரிக்வெஸ்டாக, விவரிப்பில் முன்னும் பின்னும் எடுத்த சிகேஷ் புள்ளிவிவரத்தோடு. எழுத ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், ரிக்வெஸ்டுகளை நாங்களே அனுப்புகிறோம். உங்கள் சிஐ அவற்றைச் சோதித்து முடிக்கும் வரை காத்திருக்கவும் தயார். அதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் பில்ட் முடியக் காத்திருக்கும் சிலர்